சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை

துப்பாக்கிச் சத்தத்தில் செவி கெட்ட படைவீரர்கள் பலரும் மருத்துவரிடம் சொல்வது இதைத்தான்: "பேசுவது காதில் விழுகிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை." வீட்டார் கவனக்குறைவு என்று நினைத்துக் கடிந்துகொள்வார்கள். பாவம், அவர்மேல் குற்றமில்லை.

ரைஃபிள் வெடிக்கும்போது சுடுபவரின் காதருகே ஒலி 150 டெசிபலைத் தாண்டும். பேரொலி கேட்டதும் நடுக்காதிலுள்ள ஒரு சிறு தசை அங்கவடி எலும்பை இழுத்துப் பிடித்து அதிர்வைத் தணிக்கும். ஆனால் அது இறுகுவதற்குள் வெடியின் உச்சம் உட்காதைத் தாக்கி ஓய்ந்துவிடும். அடி வாங்குபவை, உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள். பறவைகளுக்கு இவை மீண்டும் முளைக்கும், நமக்கு முளைப்பதில்லை.

எல்லாச் செல்களும் ஒரேயளவில் கெடுவதில்லை. காதுக்குழாய் 3000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியைப் பெருக்கி அனுப்புவதால், அதற்குச் சற்று மேலே, 4000 ஹெர்ட்ஸை உணரும் பகுதிதான் பெரும்பாலும் முதலில் பழுதாகிறது. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒற்றைத் தொனியை ஒலிக்கவிட்டு, காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியைக் குறித்து வரையும் ஆடியோகிராம் தாளில் இது அப்பட்டமாகத் தெரியும்: 2000 வரை ஒழுங்காக வரும் கோடு, 4000இல் பள்ளத்தில் விழுந்து, 8000இல் ஓரளவு ஏறிவிடும். வலக்கைக்காரருக்கு இடக்காதில் பள்ளம் ஆழம். துப்பாக்கியை வலத்தோளில் அணைத்துக் குறிபார்க்கையில் இடக்காது குழல்முனையின் பக்கம் திரும்புகிறது. வலக்காது தலையின் மறைவில் ஒதுங்கிக்கொள்கிறது.

உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பிக்கின்றன. 'ஸ', 'ச' போன்ற உரசல் ஒலிகளே தொலைந்துபோகின்றன. பசியா, பதியா, படியா என்று ஊகிக்க வேண்டியதுதான்.

அப்படியானால் ஒற்றைத் தொனிகளை ஒலிக்கவிட்டுச் சோதிப்பது மட்டும் எப்படிப் போதும்? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தரைப்படை செவித்திறன் இழந்த வீரர்களுக்கெனத் தனி மையங்களை அமைத்தது. பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த டெஷான் ராணுவ மருத்துவமனை அவற்றில் ஒன்று. அங்கே செவித்திறன் ஆய்வாளர் ரேமண்ட் கார்ஹார்ட் ஒரே வீரருக்குப் பல செவிக்கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, சொற்களை ஒலிக்கவைத்து, எந்தக் கருவியில் கூடுதல் சொற்கள் பிடிபடுகின்றன என்று ஒப்பிட்டார். உதட்டசைவைப் படிக்கும் பயிற்சியும் கூடவே நடந்தது. செவித்திறனை ஆராயும் ஆடியாலஜி தனித் துறையாக வளர இந்த மையங்களே பெரிய காரணம்.

இன்று அமெரிக்கப் படையில் இரைச்சலான பணிக்குச் செல்பவரின் செவித்திறனை முன்கூட்டியே பதிந்துவைத்து, ஆண்டுதோறும் அதனோடு ஒப்பிடுகிறார்கள். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ்களில் சராசரியாக 10 டெசிபல் சரிந்திருந்தால் மறுசோதனை உண்டு. அதற்கு முன் 14 மணி நேரம் அவர் இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும். இரைச்சல் தந்த களைப்பால் மட்டும் மந்தமான செவி அதற்குள் பெரும்பாலும் தேறியிருக்கும்.