செருகுநிரலும் நீட்சியும்

உலாவியில் விளம்பரத் தடுப்பானை நிறுவிய கையோடு, "புதிதாக ஒரு பிளகின் போட்டிருக்கிறேன்" என்று சொல்கிறோம். போட்டது பிளகின் அன்று, எக்ஸ்டென்ஷன். தமிழில் முன்னதற்குச் செருகுநிரல், பின்னதற்கு நீட்சி. இந்த இரு சொற்களின் வேரைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்றின் இடைவெளிக்குள் இன்னொன்றை நுழைத்து அமர்த்துவது செருகுதல். உறைக்குள் செருகிய வாள் வாளாகவே இருக்கிறது; உறையாகிவிடுவதில்லை. ஆங்கிலத்தின் 'பிளக்' டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் துளையை அடைக்கும் தக்கை என்று பொருள். 'நிரல்' நம்முடைய பழஞ்சொல். வரிசை, ஒழுங்கு என்று பொருள்படும். நிரல்நிறை அணியில் வருவதும் இதே நிரல்தான். கட்டளைகள் வரிசையாக அமைந்ததால் கணினியிலும் அது நிரலாயிற்று.

தக்கை என்ற பொருள் வியக்கும்படி பொருந்துகிறது. 1990களின் நடுவில், அந்நாளைய உலாவியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 செருகுநிரல்களுக்கு வழி திறந்தபோது, உலாவிக்கு எழுத்தையும் படத்தையும் காட்டத்தான் தெரியும். காணொளியும் ஊடாடும் அசைவூட்டமும் தெரியாது. அந்த ஓட்டையை ஃபிளாஷ், ஜாவா, குவிக்டைம், பிற்பாடு சில்வர்லைட் ஆகியவை அடைத்தன. பக்கத்தின் நடுவே உலாவி ஒரு செவ்வகத்தை ஒதுக்கிக் கொடுக்கும். அதற்குள் நடப்பதெல்லாம் செருகுநிரலின் பொறுப்பு. அது இயங்குதளத்துக்கெனத் தொகுக்கப்பட்ட தனி மென்பொருள். கணினியில் பயனருக்கு உள்ள உரிமைகள் பெரும்பாலும் அதற்கும் கிடைத்தன. அதுவே வினையாகவும் முடிந்தது: செருகுநிரலில் ஒரு பிழை இருந்தால், அதன் வழியாகக் கணினிக்குள்ளேயே நுழைந்துவிடலாம். காணொளியை உலாவியே காட்டக் கற்றுக்கொண்டதும் அதன் தேவையும் குறைந்தது. குரோம் 2015இல் அந்தப் பழைய வழியை மூடியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017இல் ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நிறுத்தியது. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31உடன் முடித்துக்கொண்டது.

நீட்சி வேறு வகை. ஆள் ஆட்சி ஆவதுபோல, மீள் மீட்சி ஆவதுபோல, நீள் நீட்சி ஆகிறது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கும் 'இழுத்து நீட்டுதல்' என்றே பொருள். இங்கே வெளியாள் எவரும் வந்து அமர்வதில்லை. உலாவியின் கைதான் நீள்கிறது. இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கொண்டே நீட்சியும் எழுதப்படுகிறது. தனக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்பதை 'மேனிஃபெஸ்ட்' என்ற கோப்பில் அது முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நிறுவும்போது, எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் இதற்கு இயலும் என்று ஓர் எச்சரிக்கை வருகிறதே, அது இந்தக் கோப்பிலிருந்து வருவதுதான். படிக்காமல் அதைத் தாண்டிப் போகாதீர்கள். நீட்சி உலாவியின் வேலிக்குள் இருந்தாலும், வங்கிக் கணக்கைத் திறக்கும் பக்கமும் அந்த வேலிக்குள்தான் இருக்கிறது.

'நீட்டிப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் பணி நீட்டிப்பு, கால நீட்டிப்பு என்று அந்தச் சொல் காலத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் நான் நீட்சியையே எழுதுகிறேன். தோற்றத்தை மாற்றும் கருப்பொருள்களையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் துணைநிரல் போதும்.

குழப்பத்தில் படக்குறிக்கும் பங்குண்டு. செருகுநிரல் இயங்காதபோது குரோம் அந்தச் செவ்வகத்தில் ஒரு புதிர்த்துண்டின் படத்தைக் காட்டியது. இன்று முகவரிப் பட்டைக்கு அருகில் அதேபோன்ற புதிர்த்துண்டைச் சொடுக்கினால் திறப்பது நீட்சிகளின் பட்டியல்.

உலாவியை விட்டுப் போனாலும் செருகுநிரல் என்ற சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. இணையத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸிலும் ஒலித்தொகுப்பு மென்பொருள்களிலும் பிளகின் என்ற பெயரே வழங்குகிறது; அங்கே செருகுநிரல் என்று தயங்காமல் எழுதலாம்.