சிலந்தியின் மூச்சைக் கடன் வாங்கும் மரகத ஈ

கலிஃபோர்னியாவில் வசிக்கும் வாசகி ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பூவின் மேல் ஒரு பச்சைப் பூச்சி. பட்டை தீட்டிய மரகதக் கல்லுக்கு இறக்கை முளைத்ததுபோல் மினுங்குகிறது. “இது வண்டா, தேனீயா? பக்கத்தில் போனால் ரீங்காரம் பலமாக இருக்கிறது. கொட்டுமா?” என்று கேட்டிருந்தார்.

கொட்டாது. அது வண்டும் இல்லை, தேனீயும் இல்லை, ஓர் ஈ. ஆக்ரோசெரிடே என்ற குடும்பத்தில் யூலோங்கஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் இறக்கையை எண்ணுங்கள். தேனீக்கு நான்கு, ஈக்கு இரண்டு. மற்ற ஈக்களில் பின் இறக்கை சுருங்கிக் குண்டூசித் தலைபோல ஒரு சின்னக் குமிழாக நிற்கும்; பறக்கும்போது உடல் சாயாமல் பார்த்துக்கொள்வது அதுதான். இந்த ஈயிலோ இறக்கையின் அடியில் உள்ள பெரிய மடல் ஒன்று அந்தக் குமிழை மூடி மறைத்துவிடும். அடுத்து தலை. அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! கூன் விழுந்த முதுகு, உப்பிய வயிறு, முன்னால் குனிந்தபடி ஒரு குட்டித் தலை. அந்தத் தலையும் ஏறக்குறைய முழுக்கக் கண்தான். குப்பை மேட்டில் மொய்க்கும் பச்சை ஈயும் இப்படித்தானே மின்னும் என்பீர்கள். அதன் உடம்பில் முரட்டு முட்கள் குத்திட்டு நிற்கும். இதற்கு மென்மையான ரோமம் மட்டும்தான்.

நிறம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓர் இனத்துக்கு மரகதம் என்று பொருள்படும் ஸ்மராக்டினஸ், இன்னொன்றுக்கு நீலக்கல் என்று பொருள்படும் சஃபைரினஸ். இந்தப் பேரினத்தில் ஆறு இனங்கள், எல்லாம் வட அமெரிக்காவில். ஐந்து மேற்குப் பக்கத்தில் இருக்க, மரியலீசியே என்ற ஒன்று மட்டும் கண்டத்தின் மறுகோடியில், கிரேட் ஸ்மோக்கி மலைப் பகுதியில் தனியாகப் பிழைக்கிறது.

இக்குடும்பத்தில் பல ஈக்களுக்கு வாயே உருப்படியாக இருக்காது. வளர்ந்தபின் சாப்பிடுவதில்லை. யூலோங்கஸ் அப்படியில்லை. நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. பறக்கும்போது அதை வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளும். குழல்போல நீண்ட பூக்களுக்குள் அதை நுழைத்துத் தேன் குடிக்கும். மகரந்தத்தையும் பூவுக்குப் பூ சுமந்து போகும். மேற்குக் கரையில் ஃபிளாக்ஸ் (Phlox) குடும்பத்துச் சிறு பூக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

சரி, இதுவரை பார்த்தது அழகான பாதி. மீதிப் பாதி மண்ணுக்குள், ஒரு சிலந்தியின் வயிற்றில் நடக்கிறது.

பெண் ஈ சிலந்தியைத் தேடிப் போவதில்லை. முட்டைகளை ஏராளமாகச் செடிகொடிகளில் தூவிவிட்டுத் தன் வேலை முடிந்ததென்று போய்விடும். இக்குடும்பத்தின் சில இனங்களில் ஒரு ஈ ஆயிரக்கணக்கில் இடும். பொரிந்து வரும் புழு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. பெயர் பிளானிடியம். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துணுக்கு வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும், அளவெடுக்கும் புழுபோல வளைந்து வளைந்து நடக்கும், துள்ளவும் செய்யும். எதிரே வருவதைத் தொற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஆளை மாற்றிப் பிடிப்பதும் உண்டு போலிருக்கிறது. 4 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பால்டிக் அம்பருக்குள், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினுக்குள், இக்குடும்பத்துப் புழு ஒன்று ஒரு சிற்றுண்ணியின் மேல் ஒட்டியபடியே உறைந்து கிடைத்திருக்கிறது.

யூலோங்கஸுக்கு வேண்டியது மண்ணில் வளை தோண்டி, வாசலுக்குக் கதவு வைத்து வாழும் சிலந்தி வகைகள். அப்படி ஒரு சிலந்தியின் கால் கிடைத்துவிட்டால் புழு அதில் ஏறி, மூட்டில் தோல் மெல்லியதாக உள்ள இடத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். உள்ளே போனதும் ஒரு சிக்கல். சிலந்தியின் உடம்புக்குள் இருப்பதெல்லாம் இரத்தம்போன்ற ஒரு திரவம். அதில் மூழ்கிக் கிடக்கும் புழு மூச்சு விடுவது எப்படி?

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இந்த வகைச் சிலந்திகளுக்கு அடிவயிற்றில் இரண்டு ஜோடி புத்தக நுரையீரல்கள் உண்டு. பெயருக்கு ஏற்றபடி புத்தகத் தாள்கள்போல மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஏட்டின் உள்ளே இரத்தம் ஓடும், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையில் காற்று நிற்கும். அந்தக் காற்று வெளியிலிருந்து ஒரு சின்னப் பிளவு வழியாக வருவது. உடம்பு முழுக்கத் தேடினாலும் உள்ளேயிருந்து வெளிக்காற்றை எட்டக்கூடிய இடம் இதுதான். புழு நேராக அங்கே போகிறது. அதன் மூச்சுத் துளைகள் வால் பக்கம் இருப்பதால் வாலை நுரையீரலில் பொருத்திக்கொள்கிறது. அவ்வளவுதான், காற்றுக்குக் கவலையில்லை. வாய் சாப்பாட்டுப் பக்கம், வால் சன்னல் பக்கம். நம் பள்ளிப் பாடநூல்கள் இந்தச் சிலந்தி போன்ற உயிரியை விருந்தோம்பி என்கின்றன. பாவம், விருந்து எது என்றே அதற்குத் தெரியாது.

சன்னலோரம் இடம் பிடித்தபின் புழு காத்திருக்கிறது. அவசரப்பட்டுத் தின்றால் சிலந்தி வளராது, தனக்கும் போதாது. நீண்ட நாள் வாழும் சிலந்திகளில் இந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். 10 ஆண்டு வரைகூடப் போகலாம். கதவுச் சிலந்திகளின் ஆயுளை நினைத்தால் இது சாத்தியம்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் சிலந்தி ஆய்வாளர் பார்பரா யார்க் மெயின் 1974 முதல் கவனித்து வந்த 16ஆம் எண் சிலந்தி 43 வயது வரை அதே வளையில் இருந்தது. கடைசியில் அதன் வளைக் கதவை ஓர் ஒட்டுண்ணிக் குளவி துளைத்திருந்ததைத்தான் பார்த்தார்கள்.

சிலந்தி முதிர்ச்சியை நெருங்கும்போது புழு விழித்துக்கொண்டு உள்ளேயிருப்பதை விறுவிறுவெனக் காலி செய்கிறது. சாவதற்குச் சற்று முன் சிலந்தி, தோலுரிக்கப் போவதுபோல, தன்னைச் சுற்றி வலை பின்னுவதுண்டு. வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் புழு அந்த வலையில்தான் கூட்டுப்புழுவாகிறது. கொலையாளிக்குக் கட்டில் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவதுபோல. பிறகு ஒரு நாள் வளையிலிருந்து மரகத ஈ வெளியே வருகிறது.

செத்த சிலந்தியிலிருந்து ஈ பறந்து வருவதைப் பழைய காலத்தில் யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதைப்போல ஒரு பழமொழி பிறந்திருக்கும். அந்தக் கூட்டைப் பிரித்துப் பார்த்தால் நடந்தது வேறு: குளவியின் குஞ்சு புழுவைத் தின்று வளர்ந்திருக்கும். பழமொழி அழகுதான், நடந்தது அதைவிட அழகு. பிரித்துப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

பொறுமை என்றதும் இன்னொன்று. எந்த ஈ எந்தச் சிலந்தியில் வளர்கிறது என்பதை அறிய ஒரே நம்பகமான வழி, சிலந்திகளைப் பிடித்துவந்து, தீனி போட்டு, ஏதாவது வெளியே வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது. பெரும்பாலான சிலந்திகளிலிருந்து ஒன்றும் வராது. மூன்றாண்டு திட்டம், ஆண்டுக்கு ஓர் அறிக்கை என்று நிதி தருபவர்களிடம் “ஏழாம் ஆண்டில் ஓர் ஈ வரலாம்” என்று எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் என்ன ஆகும்? இந்த ஈக்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட கலிஃபோர்னியப் பூச்சியியலாளர் எவர்ட் ஷ்லிங்கர் பிற்காலத்தில் தன் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை வைத்து ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தார். எல்லாப் பூச்சிக்கும் இப்படி ஒரு புரவலர் வாய்ப்பாரா? புழு காத்திருக்கும் காலத்துக்காவது நிதி நீள வேண்டும் என்பது என் கட்சி.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பக்கவாட்டிலிருந்து எடுங்கள், வயிற்றுக்கடியில் மடங்கிய குழல் தெரியும். எடுத்து முடித்ததும் அப்படியே குனிந்து சுற்றுப்புற மண்ணையும் பாருங்கள். அந்த ஈ பறக்கிறது என்றால் பக்கத்தில் எங்கோ கதவு வைத்த வளைகள் இருக்கின்றன.