தேற்றுதல்: பறிமுதலான கிளிகளுக்கு ‘மறுவாழ்வு’ என்ற சொல் பொருந்துமா?

‘கடத்தப்பட்ட பச்சைக்கிளிகள் பறிமுதல், மறுவாழ்வு அளிக்கப்பட்டது’ என்ற வகைச் செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. தலைப்பைத் தாண்டிப் படித்தால், ஒரு செய்தியில் அந்தக் கிளிகள் பிடிபட்ட அன்று மாலையே காட்டோரத்தில் திறந்துவிடப்பட்டிருக்கும். இன்னொன்றில் அவை வாழ்நாள் முழுவதும் கூண்டில் வைத்துப் பராமரிக்கப்படவிருக்கும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையில் நடக்க வேண்டிய நெடிய பணி, பறவையைக் காட்டில் வாழத் தகுதியாக்கும் ரிஹாபிலிட்டேஷன். அதற்கோ தமிழில் பெயரே இல்லாமல் போய்விட்டது.

ரிஹாபிலிட்டேஷன் என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ‘ஹாபிலிஸ்’. அதற்குத் தகுதியுள்ள, செய்ய வல்ல என்று பொருள். ‘ரி’ என்னும் முன்னொட்டு ‘மீண்டும்’ என்பதைக் குறிக்கும். பட்டமோ உரிமையோ பறிக்கப்பட்ட ஒருவருக்கு அதை மீட்டுத் தருவதைத்தான் இடைக்கால இலத்தீனில் இச்சொல் குறித்தது. நோயாளிகள், குற்றவாளிகள், விலங்குகள் என்று பின்னர் விரிந்தது. எங்கு சென்றாலும் அதன் உயிர் ‘தகுதி’ என்ற பொருளில்தான் இருக்கிறது. வாழ்வு என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

‘மறுவாழ்வு’ மனிதர்களுக்காகப் பிறந்த சொல். குடிநோயிலிருந்து மீள்வோர், இடம்பெயர்ந்தோர், தொழுநோய் நீங்கியோர் ஆகியோரின் இழந்த குடும்பமும் தொழிலும் மதிப்பும் திரும்பக் கிடைப்பதை அது பொருத்தமாகவே சொல்கிறது. இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்கள்’ என்று தமிழ்நாடு அரசு 2021இல் பெயர் மாற்றியபோது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அங்கிருப்போர் வாழ்ந்து இழந்தவர்கள். ஆனால் கள்ளச் சந்தைக்கு வரும் கிளிகளில் பெரும்பகுதி, கண் திறக்காத பருவத்திலோ இறகு முளைக்கும் பருவத்திலோ மரப்பொந்திலிருந்து எடுக்கப்பட்ட குஞ்சுகள். அவை காட்டில் ஒரு நாள்கூடப் பறந்ததில்லை. முதல் வாழ்வே வாய்க்காத உயிருக்கு ‘மறு’ வாழ்வு எங்கிருந்து வரும்?

இதைவிடப் பெரிய குறை, ‘அளித்தல்’ என்ற வினை அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருவது. மறுவாழ்வு அளிக்கப்பட்டது என்று எழுதிய கணத்தில் வேலை முடிந்துவிட்டதாகப் படிப்பவர் நினைக்கிறார். கூண்டுக் கதவைத் திறந்த அதிகாரியின் கை, படத்தில் கொடையாளியின் கையாகிவிடுகிறது. அந்தக் கிளி பறக்குமா, இரை தேடுமா, வல்லூறைக் கண்டால் அஞ்சி ஒளியுமா என்ற கேள்விகளுக்கு அச்சொல்லில் இடமே இல்லை.

உண்மையில் நடக்க வேண்டியது என்ன? பிடிபட்ட ஒரு பச்சைக்கிளியின் சிறகை விரித்துப் பார்த்தால், பெரும்பாலும் வெளியிறகுகள் கத்தரியால் நேர்கோட்டில் வெட்டப்பட்டு, உட்கூடான தண்டுகள் மட்டும் வரிசையாகத் துருத்தி நிற்கும். வெட்டிய இறகு நகத்தைப்போல வளர்ந்துவிடாது. அந்தத் தண்டு தானாக உதிர்ந்து, அவ்விடத்தில் புது இறகு முளைக்க வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். கிளிக்காய்ச்சல், அலகையும் இறகையும் சிதைக்கும் நச்சுயிரி நோய் போன்றவை காட்டுக் கூட்டத்துக்குப் பரவாமலிருக்க, முதலில் தனிமைப்படுத்திச் சோதிக்க வேண்டும். சோறும் பருப்பும் தின்று பழகியதற்கு வேப்பம்பழத்தையும் கம்பங்கதிரையும் அறிமுகப்படுத்த வேண்டும். நீண்ட பறப்புக் கூண்டில் விட்டு மார்புத் தசையை வலுப்படுத்த வேண்டும். மனிதக் கையில் உண்டு வளர்ந்த குஞ்சு மனிதனையே தன் இனமாகக் கருதும். அதைத் தன் இனத்தோடு கூட்டாகச் சேர்த்து, மனிதரை விட்டு விலகச் செய்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். பேசக் கற்ற கிளியைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். அதை மீட்க முயல்வோருக்கு அந்தப் பேச்சே பெரிய தடை.

இந்தியாவில் உள்நாட்டுப் பறவை வணிகம் 1990-91இலேயே தடைசெய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தத்தின்படி, பச்சைக்கிளி, பாதுகாப்புக்குரிய இனங்களைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தோளில் சிவப்புப் பட்டை கொண்ட பெரிய பச்சைக்கிளியை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலிட்டுள்ளது. பறிமுதலான விலங்குகளை என்ன செய்வது என்பதற்கு அதே ஒன்றியம் 2000இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காப்பில் வைத்தல், காட்டுக்குத் திருப்புதல், வலியின்றி உயிர்நீக்கல் என்று மூன்று வழிகளைத் தனித்தனியாக வைத்து ஆராய்கிறது. அவர்கள் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதை நாம் ‘மறுவாழ்வு’ என்ற ஒற்றைப் போர்வையால் மூடிவிடுகிறோம்.

‘புனர்வாழ்வு’ என்று எழுதுவோரும் உண்டு. வடமொழி முன்னொட்டைச் சேர்த்ததைத் தவிர அதில் புதிதாக ஒன்றுமில்லை. இலங்கையில் போருக்குப் பின் முன்னாள் போராளிகளுக்கு அது பயன்படுத்தப்பட்டதால், அங்குள்ள வாசகருக்கு வேறொரு கசப்பும் அதில் ஏறியிருக்கிறது. ‘சீரமைப்பு’ சாலைக்கும் குளத்துக்கும் உரியது, உயிருக்கு ஆகாது. இப்படிப்பட்ட சொற்கள் புழங்கக் காரணம், மொழிபெயர்ப்போர் அகராதியில் முதலில் தென்படுவதை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்துவிடுவதே. களத்தில் பறவையைக் கையாள்பவரிடம் ‘இந்த நிலைக்கு என்ன சொல்வீர்கள்’ என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். அவர் சொல்லும் விடை எளிமையானது: ‘இன்னும் தேறவில்லை’ அல்லது ‘தேறிவிட்டது’.

நமக்கு வேண்டிய சொல் அதுதான். காய்ச்சலில் கிடந்தவர் உடல் தேறுகிறார். மாணவர் தேர்வில் தேறுகிறார். நலமடைதல், தகுதியடைதல் என்ற இரு பொருளும் ஒரே வினையில் இயல்பாகக் கூடியிருக்கின்றன. அதன் பிறவினை ‘தேற்று’. கலங்கிய நீரைத் தெளிய வைப்பதால் தேற்றாங்கொட்டை. உடலின் நிலையை மெல்ல மாற்றி நலம் தரும் மருந்தைச் சித்த மருத்துவம் ‘உடற்றேற்றி’ என்கிறது. குறளில் ‘தேறு’ என்னும் வினை நம்புதல் என்ற பொருளிலும் வருகிறது. ஆராய்ந்து தெளிந்த பின் நம்புவது என்பதால், சோதித்த பின்னரே பறவையை வெளியே விடும் முறைக்கு அதுவும் முரணன்று. ஆகவே ரிஹாபிலிட்டேஷன் என்பது தேற்றுதல். அது நடக்கும் இடம் தேற்றகம்.

‘தேற்றுதல் என்றால் ஆறுதல் சொல்வதல்லவா, தேற்றம் கணிதத்துக்குப் போய்விட்டதே’ என்று சிலர் மறுக்கலாம். தேற்றம் கணிதத்திலேயே இருக்கட்டும். நமக்கு வேண்டியது தேற்றுதல். துயருற்றவரைத் தேற்றுவதும் அவரை மீண்டும் நிற்க வல்லவராக்குவதுதான் என்பதால் பொருள் மாறுபடவில்லை. மேலும், ‘மறுவாழ்வு பெறாத கிளி’ என்பது தெளிவற்ற தொடர். ‘தேறாத கிளி’ என்றால் சிறு பிள்ளைக்கும் புரியும். சிறகெலும்பு முறிந்து கூடாததும், மனிதரை விட்டு விலக மறுப்பதும் தேறாதவை. அவற்றுக்கு உரியது காப்பகம். தேறியவை, இயன்றவரை அவை பிடிக்கப்பட்ட நிலப்பகுதியில், சில வாரங்கள் அருகிலேயே உணவு வைத்து, படிப்படியாக விடுவிக்கப்பட வேண்டும். அன்று மாலையே திறந்துவிடப்பட்டவற்றைப் பற்றி எழுதும்போது, ‘தேற்றப்படாமல் விடுவிக்கப்பட்டன’ என்றே செய்தியில் எழுதலாம்.