தோண்டாமல் தேடுவது: செங்கிஸ்கானின் புதைகுழி

1245இல் போப்பின் தூதராகக் கிளம்பி மங்கோலியா போய்வந்த கார்ப்பினி என்ற பாதிரியார், அங்கே பெரிய மனிதர்களை எப்படிப் புதைப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். முதலில் புல்லை வேரோடு பெயர்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அப்புறம் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் ஓர் அறை குடைந்து உடலை வைப்பார்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, பெயர்த்த புல்லைப் பழையபடியே பதித்துவிடுவார்கள்.

செங்கிஸ்கான் இறந்தது 1227 ஆகஸ்டில், இன்றைய சீனாவின் வடமேற்கில் இருந்த தாங்குட் அரசின் மேல் படையெடுத்துப் போயிருந்தபோது. சவ ஊர்வலத்தைப் பார்த்தவர்களை எல்லாம் கொன்றார்கள், குழியின் மேல் ஆற்றையே திருப்பிவிட்டார்கள் என்ற கதைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புல் கதை நம்பும்படி இருக்கிறது. செலவில்லாத வேலை, பலனோ எட்டு நூற்றாண்டாக நிற்கிறது. 1230களில் அங்கே போன சீனாவின் சோங் அரசின் தூதர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள்: மேடு கிடையாது, குதிரைகளை விட்டு மிதித்துத் தரையைச் சமமாக்கிவிடுவார்கள். செங்கிஸ்கான் விஷயத்தில் மட்டும் அம்புகளை நட்டு வேலி போட்டு, குதிரைவீரர்களைக் காவல் வைத்திருந்தார்களாம்.

எங்கே தேடுவது என்பதில் ஓரளவு ஒற்றுமை உண்டு. வடகிழக்கு மங்கோலியாவின் கெந்தி மலைகளில் இருக்கும் புர்கான் கல்தூன்தான் பலருடைய முதல் சந்தேகம். செங்கிஸ்கானே வணங்கிய மலை அது. அதைச் சுற்றி ‘இக் கோரிக்’ என்ற சுமார் 240 சதுர கிலோமீட்டர் பகுதி நூற்றாண்டுக் கணக்கில் யாரும் நுழையக்கூடாத இடமாக இருந்தது. சோவியத் செல்வாக்குக் காலத்திலும் மூடியே கிடந்தது. 2015இல் யுனெஸ்கோ இந்த மலையைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே மண்வெட்டி படுவதே பல மங்கோலியர்களுக்குப் பிடிக்காது. ஆகவே, மண்ணைத் தொடாமல் உள்ளே பார்க்கும் கருவிகள்தான் கதி.

முதல் கருவி தரையூடுருவும் ரேடார். சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொள்ளலாக இருக்கிறதா என்று கொத்தனார் சொல்வாரே, அந்த வேலைதான். தட்டுவதற்குப் பதில் ரேடியோ அலை. மண்ணின் தன்மை மாறும் எல்லையில் அலையின் ஒரு பகுதி திரும்பிவரும். வெற்றிடத்தில் ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் ஓடும் அலை, சாதாரண மண்ணில் சுமார் 10 சென்டிமீட்டர்தான் ஓடும். எதிரொலி 40 நானோ வினாடியில் திரும்பினால், போகவர நேரத்தைப் பாதியாக்கி, 2 மீட்டர் ஆழத்தில் ஏதோ இருக்கிறது என்று கணக்கிடலாம். ஈரக் களிமண் என்றால் அலையை விழுங்கிவிடும்.

இரண்டாவது, காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி. பொதுவாக மேல்மண்ணுக்கு அடிமண்ணைவிடக் காந்த குணம் கொஞ்சம் அதிகம். குழி வெட்டி மூடும்போது இரண்டும் கலந்துவிடும். பூமியின் காந்தப்புலம் அந்தப் பகுதியில் 60,000 நானோடெஸ்லாவை (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) ஒட்டி இருக்கும். கலந்த மண் அதில் சில நானோடெஸ்லா மாற்றத்தைத்தான் உண்டாக்கும். அதையும் கருவி பிடித்துவிடும். புல்லைப் பதித்துக் கண்ணை ஏமாற்றலாம், கலைந்த மண்ணை மறுபடி அடுக்க முடியாது.

ஆனால் இந்தக் கருவிகளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டுமே! மலையோ பெரிது. அமெரிக்காவில் ஆல்பர்ட் லின் என்ற ஆய்வாளரின் குழு 2010இல் இதற்கு ஒரு வழி செய்தது. சுமார் 6,000 சதுர கிலோமீட்டரின் செயற்கைக்கோள் படங்களைத் துண்டு துண்டாக இணையத்தில் போட்டு, பொதுமக்களையே பார்க்கச் சொன்னார்கள். 10,000 பேருக்கு மேல் உட்கார்ந்து 23 லட்சம் குறிகள் வைத்தார்கள். ஒருவர் வைத்த குறிக்கு மதிப்பில்லை. தொடர்பே இல்லாத பலர் ஒரே புள்ளியில் வைத்தால்தான் கணக்கு. அப்படித் தேர்ந்த 100 இடங்களுக்கு நேரில் போனதில், 55 இடங்களில் தொல்லியல் தடயங்கள் தெரிந்தன. வெண்கலக் காலம் முதல் மங்கோலியர் காலம் வரையிலானவை. செங்கிஸ்கான் மட்டும் இல்லை.

இதில் ஒரு சிக்கல், படத்தில் தெரிபவை எல்லாம் மேலே கல்லோ மேடோ உள்ளவை. நமக்கு வேண்டியதோ மேடே இல்லாத குழி. இன்னொன்று ஆழம். செங்கிஸ்கானுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தைய சியோங்னு என்ற நாடோடி இனத் தலைவர்களின் புதைகுழிகள் மங்கோலியாவின் நோயின் உலாவில் 18 மீட்டர் வரை போகின்றன. அந்த வழக்கம் தொடர்ந்திருந்தால், சில மீட்டர் பார்க்கும் ரேடாருக்கு வேலையே இல்லை.

சரி, குழியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர்தான் என்று எப்படிச் சொல்வது? ஆசியாவின் ஒரு பெரும்பகுதியில் 8 சதவீத ஆண்களிடம் காணப்படும், தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமின் ஒரு வகை அவருடைய வம்சத்தினுடையதாக இருக்கலாம் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. அது ஊகம்தான், சரிபார்க்க அவருடைய எலும்பே வேண்டும். எலும்பு அவருடையதா என்று பார்க்க அந்த ஊகத்தையே நம்பினால் செக்குமாட்டுக் கதைதான். அவர் வழிவந்த பேரரசர்களையும் இப்படியே ரகசியமாகப் புதைத்ததால், ஒப்பிட இன்னொரு கல்லறையும் கிடையாது. எலும்பின் வயதைச் சொல்லும் கார்பன் கணிப்பு பல பத்தாண்டு முன்பின் காட்டும். தாத்தாவையும் பேரனையும் அது பிரித்துச் சொல்லாது. பெயர் பொறித்த பொருள் ஏதாவது உள்ளே இருந்தால்தான் உண்டு. அதை எடுக்கக் குழியைத் திறந்தாக வேண்டும்.