ஏரியல், ஆன்டெனா, அலைக்கொம்பு

பினாங்கின் பட்டர்வொர்த்தில் சுற்றுலா வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் போன மாதம் என் பட்டறைக்கு வந்தார். பயணிகளுக்கு வைஃபை கொடுக்க சிம் போட்ட ரௌட்டர் ஒன்றை வேனில் வைத்திருக்கிறார். ஜார்ஜ் டவுனில் நன்றாக ஓடுகிறது. தெலுக் பஹாங் தாண்டி பாலிக் புலாவ் போகும் மலை வளைவுகளில் ஏறினால் படுத்துவிடுகிறது. "தம்பி, ஏரியல் போட்டும் லைன் வரலையே" என்றார்.

குனிந்து பார்த்தேன். முன்பு மாட்டிக் கொடுத்தவர்கள் ஏரியலை டேஷ்போர்டுக்கு அடியில், ரேடியோவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். முன்கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள டின்ட். இந்த மாதிரி டின்ட் ஒட்டிய காடிகளில் டோல் சாவடியில் கட்டணம் கழிக்கும் ஸ்மார்ட்டேக் கருவியைக் கண்ணாடியிடம் நீட்டி நீட்டிக் காட்டியவர்களுக்கு விஷயம் புரியும். அலை உள்ளே வருவதே கஷ்டம்.

ஏரியலைக் கூரைக்கு மாற்றும் வேலை நடந்த இரண்டு நாளும் என் மண்டையில் ஓடியது அந்தப் பொருளின் பெயர்தான். நம் ஊரில் பெரியவர்களுக்கு அது ஏரியல். இளையவர்களுக்கு ஆன்டெனா. தமிழில் என்ன?

ஏரியல் என்பது ஆங்கிலேயர் விட்டுப்போன சொல். காற்றைக் குறிக்கும் பழைய கிரேக்க, லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காற்றில் நிற்கும் கம்பி, அவ்வளவுதான் பொருள். கூரை மேல் நின்ற மீன்முள் மாதிரி டிவி ஏரியலை நினைத்தால் பெயர் பொருத்தமாகவே இருக்கும். அந்த மீன்முள்ளுக்கே ஒரு பெயர்க்கதை உண்டு. அதை உருவாக்கியவர்கள் யாகி, ஊடா என்ற இரண்டு ஜப்பானியர்கள், 1926இல். 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர் பிரிட்டிஷாரின் ரேடார் குறிப்பேட்டில் 'யாகி' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று தெரியாமல் விழித்திருக்கிறார்கள். அது உங்கள் ஊர்க்காரரின் பெயர் என்று போர்க்கைதி ஒருவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆன்டெனாவின் கதை கடலில் தொடங்குகிறது. லத்தீனில் அந்தச் சொல், பாய்மரத்தின் குறுக்கே பாயைக் கட்டும் மரத்தைக் குறித்தது. நம் மரக்கலக்காரர்கள் பருமல் என்று சொன்னது அதைத்தான். அந்த மரம் எப்படிப் பூச்சியின் தலைக்குப் போனது? அரிஸ்டாட்டில் பூச்சிகளைப் பற்றி எழுதும்போது அவற்றின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டையும் 'கெராயா' என்றார். கிரேக்கத்தில் கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. அதே சொல் கப்பலின் குறுக்கு மரத்துக்கும் வழங்கியது. 15ஆம் நூற்றாண்டில் தியோடோரஸ் காசா என்ற அறிஞர் அரிஸ்டாட்டிலை லத்தீனுக்குக் கொண்டுபோனபோது, அந்த இடத்தில் ஆன்டெனா என்று எழுதினார். கொம்பு, கப்பல் மரத்தின் வழியாகச் சுற்றிப் பூச்சியிடம் வந்து சேர்ந்தது.

அங்கிருந்து வானொலிக்கு வந்தது மார்க்கோனியால். 1895இல் அவர் சோதனை செய்தபோது அலைக்கம்பியை உயரத்தில் தாங்கி நின்றது ஒரு கம்பம். இத்தாலியனில் ஆன்டெனா என்றால் கம்பம். கம்பத்தின் பெயரே கம்பிக்கும் ஒட்டிக்கொண்டது.

சரி, தமிழுக்கு வருவோம். அலைவாங்கி என்று எழுதுபவர்கள் உண்டு. ஒலிவாங்கி என்ற நல்ல சொல்லின் தடத்தில் வந்தது, காதுக்கும் இனிமை. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. வாங்கி என்றால் வாங்குவது மட்டும்தானே? டிவிக்கும் கார் ரேடியோவுக்கும் அது சரி, அவை கேட்கின்றன, பேசுவதில்லை. ரௌட்டர் அப்படியல்ல. கோபுரத்திலிருந்து வாங்கவும் வேண்டும், கோபுரத்துக்கு அனுப்பவும் வேண்டும். சொல்லப்போனால் மலைப்பகுதியில் முதலில் தவிப்பது அனுப்பும் பக்கம்தான். கோபுரம் உரக்கப் பேசும், நம் ரௌட்டரின் குரல் சன்னம். அலைக்கம்பம் என்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் சாலையோரக் கோபுரம்தான் கண்ணில் வருகிறது, வேன் கூரையில் இருக்கும் உள்ளங்கை அளவுக் குமிழ் வருவதில்லை.

நான் அலைக்கொம்பு என்பேன். பூச்சியின் ஆன்டெனாவுக்கு உணர்கொம்பு என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. மலாயில் பூச்சிக்கு செசுங்குட், கருவிக்கு அந்தேனா என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. தமிழில் பிரிய வேண்டியதில்லை, உணர்கொம்பும் அலைக்கொம்பும் ஒரே வேரில் நிற்கும். அரிஸ்டாட்டில் நினைத்ததும் கொம்புதான். இன்னொன்று, தமிழில் கொம்பு என்றால் மாட்டின் தலையில் இருப்பது மட்டுமில்லை, மரக்கிளையும் கொம்பு, கோயிலில் வாயில் வைத்து ஊதுவதும் கொம்பு. ஊதுகிற கொம்பு ஒலியை வெளியே அனுப்புகிறது, உணர்கொம்பு சேதியை உள்ளே வாங்குகிறது. இரண்டு வேலையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

கொம்பு என்று சொல்லிவிட்டால் அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். எந்த உயிருக்கும் கொம்பு தலையில்தான் முளைக்கும். வேனுக்குத் தலை அதன் கூரை. கூரையின் நடுப்பகுதி நல்லது. ஏனென்றால் ஒற்றைக் கம்பி வகையில் கம்பி பாதிதான், கீழே விரிந்து கிடக்கும் இரும்புத் தகடு மறுபாதி.

"நீளமா ஒண்ணு போட்டா நல்லா இழுக்குமா?" என்று அண்ணன் கேட்டார். அளவை முடிவு செய்வது அலைதான். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 8. 2600க்குப் போனால் கால் பங்கு 3 சென்டிமீட்டர்கூட வராது. நீளமான கொம்புகள் 'கெயின்' அதிகம் என்று விற்கப்படுகின்றன. தமிழில் ஈட்டம் என்று சொல்லலாம். ஈட்டம் கூடும்போது புதிய சக்தி எதுவும் வருவதில்லை. இட்லியை அமுக்கித் தோசையாக்குவது போல, அலை பக்கவாட்டில் விரிந்து மேலும் கீழும் மெலிகிறது. பினாங்கு பாலத்தின் மேல் அது நல்லது. பாலிக் புலாவ் மலையில் கோபுரம் தலைக்கு மேலே இருக்கும், வேனும் சாய்ந்து ஏறும். தோசை கோபுரத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே நடுத்தர ஈட்டமுள்ள குமிழ் வகையையே எடுத்தேன்.

அந்தக் குமிழின் அடியில் ஐந்து கேபிள்கள் வால் மாதிரி தொங்கின. சிம் பக்கத்துக்கு இரண்டு, வைஃபைக்கு இரண்டு, ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று. ஜிபிஎஸ் துணைக்கோளிடமிருந்து கேட்க மட்டும் செய்யும், ஆகவே அது அசல் அலைவாங்கி. ஒரே குமிழுக்குள் இரண்டு சொல்லுக்கும் இடம் இருக்கிறது. சிம் பக்கத்தில் மெயின் என்ற முனைதான் பேசுவது, ஆக்ஸ் என்பது பெரும்பாலும் கேட்க மட்டுமே. ஆனாலும் இரண்டையும் மாட்ட வேண்டும், ஒன்று காலியாக இருந்தால் வேகம் பாதியாகக்கூடக் குறையலாம். முனைகளைக் கண்ணால் பார்த்து மாட்டுவது முக்கியம். வைஃபை கேபிளைத் தவறி சிம் முனையில் வைத்தால் மரை நன்றாகவே பிடிக்கும், ஆனால் நடுவில் ஊசி இருக்காது, தொடர்பே ஏற்படாது. கேபிளையும் தேவைக்கு மேல் விடக் கூடாது. மெல்லிய கேபிள் 5 மீட்டர் ஓடினால் அலையில் பாதிக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும். அதனால் ரௌட்டரையே கூரைக்குப் பக்கமாக, பின்சீட்டுக்கு மேலே நகர்த்தினேன். முன்கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாகக் கேபிள் இழுப்பவர்கள் அங்கே ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கூரையில் ஓட்டை போடும்போது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அந்த நொடி பிடிக்காது. ஓட்டை விளிம்பை அரம் வைத்து மழித்து, துருத்தடுப்பு பெயின்ட் பூசி, காய்ந்த பிறகே ரப்பர் வளையத்தை வைத்து முடுக்கினேன். பெயின்ட் காயும் வரை காத்திருக்காதவர்களின் கூரை ஆறு மாதத்தில் அழும். காந்தம் வைத்து ஒட்டும் வகையும் உண்டு, ஓட்டையே வேண்டாம். ஆனால் அலுமினியக் கூரையில் அது நிற்காது.

ஏரியல் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தபோது ரௌட்டரின் திரை சிக்னல் மைனஸ் 112 என்று காட்டியது. வேன் அதே இடத்தில் நிற்க, கொம்பு கூரைக்கு மாறிய பிறகு மைனஸ் 98 (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). 14 டெசிபல் வித்தியாசம், சக்தியில் 25 மடங்கு. ஒரு விஷயத்தை அண்ணனிடம் சொல்லியே அனுப்பினேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் லைன் திணறினால் கொம்பைக் குறை சொல்லக் கூடாது. அங்கே அலை இருக்கும், ஆனால் ஒரே கோபுரத்தை ஆயிரக்கணக்கானோர் பங்கு போடுவார்கள்.

கேபிள்களில் டேப் சுற்றி மார்க்கரில் கொம்பு 1, கொம்பு 2, வாங்கி என்று எழுதி வைத்தேன். பத்து நாள் கழித்து, நல்ல மழையில், அண்ணன் பாலிக் புலாவிலிருந்து வீடியோவில் அழைத்தார். "தம்பி, கொம்பு ஒழுகல" என்றார்.