பேஸ்மென்டுக்கு ஒப்பந்தம் எழுதுங்கள்

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பேஸ்மென்ட் வாடகைக்கு விடுபவரா நீங்கள்? இதை முதலில் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வீடில்லாதவர்கள் தற்காலிகமாகத் தங்கும் ஷெல்ரரில் இருந்து வெளிக்கிடப் பார்ப்பவர்களுக்கு அடுத்ததாக. ரொறன்ரோவில் ஷெல்ரரில் இருப்பவர்களுக்கு வாடகை இடம் தேடிக் கொடுப்பது என் வேலை. வாடகைக்கு அரசாங்க உதவி கிடைத்து, கடிதமும் கைக்கு வந்த பிறகு, வீடு கொடுக்க ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் அதே அறையில் காத்திருக்கும் குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்களில் நம்மவர்களும் உண்டு. விசிற்றர் விசாவில் வந்து அகதிக் கோரிக்கை வைத்தவர்கள், அடி தாங்காமல் பிள்ளைகளோடு வீட்டை விட்டு வந்த பெண்கள், மகன் வீட்டில் இருக்க முடியாமற்போன முதியவர்கள். "தமிழ்ச் சனம் ஷெல்ரருக்குப் போகாது" என்று கோயிலில் கதைப்பவர்களுக்கு இது தெரியாது.

அந்த உதவியின் பெயர் கனடா-ஒன்ராறியோ வீட்டு உதவித்தொகை. நாங்கள் சி.ஓ.எச்.பி. என்போம். 2020 ஏப்ரலில் தொடங்கியது. மத்திய அரசும் மாகாணமும் சேர்ந்து பணம் போடுகின்றன. மாதாமாதம் அனுப்புவது மாகாண நிதி அமைச்சு. அரசு மானியமுள்ள சமூக வீடுகளில் சலுகை அந்த வீட்டோடுதான். வெளியே வந்தால் அது உங்களோடு வராது. சி.ஓ.எச்.பி. ஆளோடு போகும். ரொறன்ரோவில் கிடைத்த உதவியை வைத்து பிரம்ப்டனில் வீடு எடுக்கலாம். ஒன்ராறியோவுக்குள் எங்கும் எடுக்கலாம்.

ரொறன்ரோவில் இதற்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. ஷெல்ரர் போன்ற இடங்களில் உள்ள ஊழியர் ஊடாகத்தான் பெயர் போகும். ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கப்படும் தொகைக்கு எல்லை உண்டு. அது முடிந்தால் அடுத்த ஒதுக்கீடு வரை காத்திருக்க வேண்டும். ஆகவே யாராவது காசு வாங்கிக்கொண்டு "நான் எடுத்துத் தாறன்" என்றால் கொடுக்காதீர்கள்.

ஒரு நிபந்தனையைப் பலர் கவனிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். இந்த உதவியை ஏற்றால் சமூக வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் இருந்து உங்கள் பெயர் எடுக்கப்படும். ரொறன்ரோவில் அந்தப் பட்டியலில் காத்திருப்பது பத்து ஆண்டுகளையும் தாண்டும். பிள்ளைகளோடு ஷெல்ரரில் இருப்பவர்களுக்கு நான் யோசிக்காமல் "எடுங்கள்" என்பேன். நெடுங்காலம் காத்திருந்து பட்டியலின் மேற்பகுதிக்கு வந்துவிட்ட முதியவருக்கு அப்படிச் சொல்லமாட்டேன். அவர் முதலில் தன் இடம் எங்கே நிற்கிறது என்று கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? அந்தப் பகுதியின் சராசரிச் சந்தை வாடகையில் பொதுவாக 80 விழுக்காட்டை எடுத்து, அதிலிருந்து குடும்ப வருமானத்தின் 30 விழுக்காட்டைக் கழிப்பார்கள். மிச்சம்தான் உதவி. விளக்கத்துக்காக ஒரு கணக்கு: அந்த 80 விழுக்காடு 1,400 டொலர் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 2,000 என்றால் அதில் 30 விழுக்காடு 600. உதவி 800. அரசு உதவிப்பணத்தில் வாழ்பவர்களுக்குக் கணக்கு வேறு. உதவிப்பணத்தில் வாடகைக்கென்று கிடைக்கும் தொகைக்கும் அவர்கள் கொடுக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளியை வைத்துப் பார்ப்பார்கள். வருமானம் இல்லாதவர்களுக்கு மாகாணம் கொடுக்கும் உதவிப்பணமான ஒன்ராறியோ வேர்க்ஸ் எடுக்கும் தனியாளுக்கு மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கு என்று இருப்பது 390. 2018இல் இருந்து அந்தத் தொகை அசையவில்லை. 390 டொலருக்கு இந்த நகரத்தில் ஒரு கதவும் திறக்காது.

சராசரி வாடகை என்கிற அந்த எண்ணிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடமாக ஒரே அப்பார்ட்மென்டில் இருந்து பழைய வாடகை கொடுப்பவர்களையும் சேர்த்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். இன்றைக்கு வீடு தேடி இறங்குபவரிடம் கேட்கும் வாடகை அதைவிட அதிகம். அதனால்தான் எங்கள் கண் பெரிய கட்டடங்களை விட்டுப் பேஸ்மென்டுகள் மேல் விழுகிறது. அங்கேதான் கணக்கு ஓரளவுக்குச் சரிவரும். அந்தப் பேஸ்மென்டுகளில் நிறைய நம்மவர்களுடையவை.

வீட்டுக்கார அக்கா ஒருவரோடு தொலைபேசியில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"எத்தனை பேர் பிள்ளை?"

"அம்மாவும் ரெண்டு பிள்ளையளும், அக்கா."

"நல்லது. அவ வேலை செய்யிறாவோ? இப்ப எங்க இருக்கினம்?"

ஷெல்ரர் என்று சொன்னதும் மறுமுனையில் அமைதி. பிறகு, "இவரிட்டக் கேட்டிட்டு எடுக்கிறன்." அழைப்பு வராது.

அந்த அக்காவின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. மோர்ட்கேஜ் கட்ட அந்த வாடகை தேவை. வாடகை நின்றால் என்ன நடக்கும் என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. வாடகை கட்டாதவருக்குச் சட்டம் சொல்லும் அவகாசத்தோடு என்4 என்ற அறிவித்தல் கொடுக்கலாம். அதற்கும் பணம் வராவிட்டால் வீட்டு உரிமையாளர்-வாடகையாளர் சபைக்குப் போகலாம், அங்கே விசாரணைக்கு மாதங்கள் எடுக்கும். இதை மறைத்து வீடு கேட்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் வேலைக்குப் போகும் வாடகையாளரும் வேலையை இழக்கக்கூடும். இவர்களுடைய வாடகையின் பெரும்பகுதி அரசிடமிருந்து மாதாமாதம் வருகிறது. ஒன்ராறியோ வேர்க்ஸ் எடுப்பவர் சம்மதித்தால் வாடகைக்கான பணத்தை நேரே உங்களுக்கே அனுப்பச் செய்யலாம். பல இடங்களில் குடியேறிய பிறகும் ஓர் ஊழியர் சில காலம் வந்து பார்ப்பார். பிரச்சினை என்றால் அழைக்க உங்களிடம் ஓர் எண் இருக்கும்.

சட்டமும் ஒன்று சொல்கிறது. அரசு உதவி பெறுகிறார் என்பதற்காக வீடு மறுப்பதை ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. "வெல்ஃபேர் ஆக்கள் வேண்டாம்" என்று விளம்பரத்தில் போடவும் கூடாது. உங்கள் குளியலறையையோ சமையலறையையோ பகிர்ந்து வாழ்பவர் என்றால் மட்டும் விதிவிலக்கு. தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள பேஸ்மென்டுக்கு அந்த விலக்கு இல்லை.

மறுப்பைவிட என்னை அதிகம் சோர வைப்பது வேறு. மனம் இரங்கி வீடு கொடுக்கச் சம்மதிக்கிறார்கள். பிறகு, "காசாத் தாங்கோ, பேப்பர் ஒண்டும் வேண்டாம்" என்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாடகை வருமானத்தை வரிக்கணக்கில் காட்ட வேண்டி வரும், நகரசபை வந்து பார்க்கும் என்ற பயம். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் தன் வாடகையை நிரூபிக்க முடியாது, உதவி வராது. 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான தனியார் வாடகைக்கு மாகாணத்தின் பொது ஒப்பந்தப் படிவத்தையே பயன்படுத்த வேண்டும். வாடகையாளர் கேட்டால் பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியும், காஸ் அடுப்போ ஃபர்னஸோ இருக்கும் வீட்டில் கார்பன் மோனொக்சைட் கருவியும் பொருத்தியிருக்க வேண்டும். அறை அறையாகத் தனித்தனி ஆட்களுக்கு விடுபவர்களுக்கு இன்னொரு செய்தி: 2024 மார்ச் 31 வரை ஸ்காபரோவில் அப்படி விடுவதற்கு அனுமதியே இருக்கவில்லை, இப்போது ரொறன்ரோ முழுவதும் உரிமம் எடுத்துச் செய்யலாம்.

முற்பணத்தைப் பற்றியும் தெளிவாக இருங்கள். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் மட்டும்தான் முன்கூட்டிக் கேட்கலாம். சேதத்துக்கு என்று தனி டிப்பொசிட், ஆறு மாத வாடகை முன்னதாக, இவையெல்லாம் சட்டத்துக்குப் புறம்பு. ஒன்ராறியோ வேர்க்ஸ், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப்பணமான ஓ.டி.எஸ்.பி. எடுப்பவர்களுக்கு அந்த முற்பணத்துக்கும் கட்டில் மெத்தைக்கும் நகரசபையின் வீட்டு நிலைப்படுத்தல் நிதியில் கேட்டுப் பார்க்கலாம்.

இனி குடியேறியவர்களுக்கு. பலர் உதவியை இழப்பது வீடு கிடைத்த பிறகுதான். சி.ஓ.எச்.பி. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படும். உதவி ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டின் வரிக்கணக்கு தாக்கலாகியிருக்க வேண்டும். வருமானமே இல்லை, எதற்கு வரிக்கணக்கு என்று விட்டுவிடுவார்கள். கணவன் செய்திருப்பார், மனைவி செய்திருக்கமாட்டார். வருமானம் பூச்சியமாக இருந்தாலும் இருவரும் ஏப்ரல் 30க்குள் செய்யுங்கள். குறைந்த வருமானக்காரருக்குத் தொண்டர்கள் இலவசமாகச் செய்து தரும் முகாம்கள் உண்டு. சமூக சேவைத் தகவல் எண்ணான 211ஐ அழைத்தால் அருகில் எங்கே என்று சொல்வார்கள், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வீடு மாறினாலும் குடும்பத்தில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் உடனே அறிவியுங்கள். நிதி அமைச்சில் இருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் குப்பையில் போடாமல், பழைய ஷெல்ரர் ஊழியரிடமாவது கொண்டுபோய்க் காட்டுங்கள்.