தேசிய சுகாதார ஆய்வு: திட்டம், நிதி, மலையகத்தின் இடம்

அரச செலவில் நடைபெறும் சுகாதார ஆய்வுகளுக்கான பணம் இலங்கையில் ஒரே இடத்தில் வைக்கப்படுவதில்லை. 1900ஆம் ஆண்டளவில் நுண்ணுயிர் ஆய்வுகூடமாகத் தொடங்கி, பின்னர் பெயர் மாறிய கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. அமைச்சின் கல்வி, பயிற்சி, ஆய்வுப் பிரிவு ஆய்வுப் பணிகளை ஒருங்கிணைக்கிறது. இவற்றுக்கு வெளியே, 1994ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க விஞ்ஞான தொழில்நுட்ப அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய விஞ்ஞான மன்றமும், 1999இல் தோன்றிய தேசிய ஆராய்ச்சிப் பேரவையும், விண்ணப்பங்களைக் கோரி, போட்டி அடிப்படையில் மானியம் வழங்குகின்றன. பல்கலைக்கழகங்களும் தமக்கெனச் சிறு ஒதுக்கீடுகளை வைத்திருக்கின்றன. ஆகவே, "மலையகத்துக்கு ஆய்வுப் பணம் ஏன் வருவதில்லை" என்று பொதுவாகக் கேட்டால், ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டிவிடலாம்.

மொத்தத் தொகையும் சிறியது. சகல துறைகளையும் சேர்த்து, ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதமே. சுகாதார ஆய்வை மட்டும் எடுத்துக்கொண்டால், தேசிய சுகாதாரச் செலவில் குறைந்தது 2 வீதத்தை வளர்முக நாடுகள் அதற்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு சர்வதேச ஆணைக்குழு 1990இலேயே பரிந்துரைத்தது. பணம் குறைவாக இருக்கும்போது எந்தக் கேள்வி முதலில் ஆராயப்படும் என்பதை யாராவது தீர்மானித்தே ஆக வேண்டும். மூலோபாயத் திட்டமிடல் என்ற கனமான சொல்லுக்கு நடைமுறையில் அதுதான் பொருள்.

சுகாதார அமைச்சின் 2016–2025 காலத்துக்கான தேசிய சுகாதார மூலோபாயப் பெருந்திட்டம் அவ்வாறான ஓர் ஆவணம். பத்தாண்டுத் திட்டத்தில் ஒரு விடயம் எழுதப்பட்டுவிட்டால், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்மொழிவு அனுப்பும் அதிகாரி அதைச் சுட்டிக்காட்டிப் பணம் கேட்கலாம். எழுதப்படாத விடயத்துக்கு அந்தப் பிடிமானம் இல்லை. சுகாதாரம் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பின் மாகாணங்களுக்கும் பகிரப்பட்ட துறை என்பதால், மலையகத் தோட்டங்கள் பல அமைந்துள்ள மத்திய, ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களங்களும் தத்தம் தேவைகளை முன்வைக்க முடியும்.

முன்னுரிமை எவ்வாறு உருவாகிறது என்பதற்கு வடமத்திய மாகாணம் ஓர் உதாரணம். அங்குள்ள விவசாயிகளிடையே காரணம் புலப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாக இருப்பதை 1990களில் மருத்துவர்கள் கவனித்தனர். நோயாளர் எண்ணிக்கை பதிவேடுகளில் குவிந்து, பொதுமக்களின் குரலும் உயர்ந்த பின்னர், 2009ஆம் ஆண்டளவில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் அமைச்சு ஒரு தேசிய ஆய்வுத் திட்டத்தை ஆரம்பித்தது. விடை முழுமையாகக் கிடைத்ததா என்பது வேறு விவாதம். எண்ணப்பட்டதால்தான் அந்தக் கேள்விக்குப் பணம் கிடைத்தது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

மலையகத்தின் சிக்கலும் எண்ணுவதில்தான் தொடங்குகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கிறது. 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பும், அங்கேயே குடியிருக்கும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டமே தோட்டத் துறை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்து, இப்போது ஹட்டன் நகரின் ஓரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் நகரத்தில் சேர்ந்துவிடுவார். சிறு தேயிலைக் காணியருகே வீடு கட்டியவர் கிராமத்தவர் ஆகிவிடுவார். தோட்டத் துறைப் புள்ளிவிபரத்தை மலையகத் தமிழரின் புள்ளிவிபரமாகவே வாசிப்பது, என் பார்வையில், நம் கட்டுரையாளர்கள் தொடர்ந்து செய்யும் தவறு.

அந்த எல்லைக்குள் கிடைக்கும் எண்களே போதிய அளவு கவலை தருபவை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தேசிய அளவில் 17 வீதம்; தோட்டத் துறையில் 32 வீதம். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் மாதந்தோறும் நிறை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் அளவீடு எவ்வளவு என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. கர்ப்பகால இரத்தச்சோகையா, மலைச்சரிவில் தாய் சுமக்கும் கொழுந்தின் பாரமா, குடிநீரா, கொழுந்து பறிக்கும் நேரத்தில் தாய்ப்பால் தவறுவதா என்று பிரித்தறிய, பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தேவை. அத்தகைய ஆய்வு, ஓராண்டு மானியத்தில் முடிகிற காரியமல்ல.

ஆய்வாளர் லயத்துக்கு வரும்போது வேறு விதிகள் பொருந்தும். மருத்துவ பீடங்களிலும் சில நிறுவனங்களிலும் உள்ள ஆய்வு நெறிமுறைக் குழு ஒன்று முன்கூட்டியே அந்த ஆய்வை அங்கீகரித்திருக்க வேண்டும். புதிய மருந்தைப் பரீட்சிப்பதாயின், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் தேவை. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி ஆய்வாளரை உள்ளே விடுவதற்கு மட்டுமே. அது தொழிலாளியின் சம்மதம் ஆகாது. துரை (தோட்ட முகாமையாளர்) சொன்னார், தொழிற்சங்கத் தலைவர் சொன்னார் என்பதற்காக எவரும் இரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. இடையில் விலகினாலும் சிகிச்சையை மறுக்க முடியாது.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சம்மதப் படிவம் வாசிக்கப்படுவதை ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். "தன்னார்வப் பங்குபற்றுநர்" என்று தொடங்கிய அந்தத் தமிழ், கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் ஒட்டவில்லை. இறுதியில் ஓர் அக்கா கேட்டார்: "இதுக்கு வந்து நின்னா அரைப்பேர்தானே போடுவாங்க?" அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இழந்த நாட்கூலியை ஈடுசெய்வதை ஆய்வு நெறிமுறை அனுமதிக்கிறது. ஆசைகாட்டி இழுக்கும் தொகையைத்தான் அது தடுக்கிறது. ஆகவே அரைப்பேர் பற்றிய கேள்வியைக் கையொப்பமிடுவதற்கு முன் கேட்பது முற்றிலும் முறையானது.

உங்கள் மாவட்டத்தில் எந்த ஆய்வுக்கு எவ்வளவு அரச பணம் செலவானது, அதன் அறிக்கை எங்கே என்பவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே கேட்கலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். தகவலை வழங்குவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.